3டி காட்சிக்குப் போகும்போது பையில் ஒரு கால்குலேட்டர்

பிளஸ் 2 மாணவர்களை முப்பரிமாணக் காட்சிக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்களே, கையோடு ஒரு கால்குலேட்டர் எடுத்துச் செல்லுங்கள். விளக்குகள் அணையும் முன், அரங்கில் தரும் போலராய்டு கண்ணாடியின் (ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் கண்ணாடி) ஒரு வில்லை வழியாகக் கால்குலேட்டரின் திரையைப் பார்த்தபடி கண்ணாடியை மெல்லச் சுழற்றச் சொல்லுங்கள். ஒரு கோணத்தில் திரை முழுவதும் கறுத்துவிடும். அங்கிருந்து 90 பாகை திருப்பினால் எண்கள் மீண்டும் தெளியும். பாடத்தில் படித்த மாலஸ் விதிதான் இது: ஒரே தளத்தில் அதிரும் ஒளி போலராய்டு வழியே எவ்வளவு வரும் என்பது இரண்டுக்கும் இடையிலான கோணத்தைப் பொறுத்தது!

கறுக்கவில்லையா? கண்ணாடியை முன்பின்னாகத் திருப்பிப் பிடியுங்கள். வட்டத் தளவிளைவு (ஒளியின் அதிர்வுத் திசை சுழன்றபடி வருவது) முறைக் கண்ணாடிகளில் போலராய்டு தகடு கண்ணை ஒட்டிய பக்கத்தில் இருக்கும். சிவப்பு-நீலக் கண்ணாடியில் இது நடக்காது. அது நிறத்தைத்தான் பிரிக்கிறது. எனவே எந்தக் கண்ணாடி தருகிறார்கள் என்பதை முன்பே கேட்டுவிடுங்கள்.