டிரோசிராவை வெளியில் தொட்டியில் வளர்க்கும்போது செய்யக்கூடாதவை

பூச்சி பிடிக்கும் செடிகளில், திறந்தவெளித் தொட்டியில் அதிகம் தொல்லை தராதவை குளிர் தாங்கும் டிரோசிராக்கள்தான். டிரோசிராவில் ரொட்டுண்டிஃபோலியா, ஆங்லிகா, ஃபிலிஃபார்மிஸ் என்ற இனங்கள் எல்லாம் உறைபனியையே தாங்கிவிடும். அப்படியும் வாங்கிய வருடமே செடியைப் பறிகொடுப்பவர்கள் நிறைய. அலட்சியத்தால் என்று நினைக்காதீர்கள், ரோஜாவுக்கும் தக்காளிக்கும் செய்கிற உபசாரத்தையெல்லாம் இதற்கும் செய்வதால்தான்.

முதலில் மண். தோட்ட மண், மண்புழு உரம், கடையில் கிடைக்கும் தயார் தொட்டிக்கலவை எதுவும் வேண்டாம். சத்தே இல்லாத சதுப்பில் வளரும் செடி இது, தனக்கு வேண்டிய நைட்ரஜனை இலையில் ஒட்டும் பூச்சியிடமிருந்து எடுத்துக்கொள்கிறது, வேருக்கு உரம் போட்டால் அந்த வேர்தான் கருகும். உரம் கலக்காத பீட் மாஸ் (சதுப்பில் மக்கிய பாசி) ஒரு பங்கு, பெர்லைட்டோ (பொரிந்த எரிமலைக் கல் துணுக்குகள்) நன்றாகக் கழுவிய சிலிக்கா மணலோ ஒரு பங்கு, அவ்வளவுதான். தென்னை நார்த்தூளில் உப்பு இருக்கும், பலமுறை ஊறவைத்துக் கழுவாமல் அதைப் பயன்படுத்தாதீர்கள். கடற்கரை மணல் பக்கமே போக வேண்டாம்.

அடுத்தது தண்ணீர். அதிகம் செடிகளைக் கொல்வது இதுதான் என்பேன். குழாய்த் தண்ணீர் ஒரே நாளில் எதையும் செய்துவிடாது, அதில் கரைந்திருக்கும் உப்புகள் வாரக்கணக்கில் மண்ணில் சேர்ந்து சேர்ந்து செடியை மெல்ல முடிக்கும், அதனால் பழி வெயில் மேலோ பூச்சி மேலோ விழும். கொதிக்க வைத்து ஆறவைத்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். கரைந்த உப்பில் பெரும்பகுதி அப்படியேதான் இருக்கும். மழைநீர், காய்ச்சி வடித்த நீர், ஆர்.ஓ நீர் மூன்றும் நல்லவை. ஆனால் சில ஆர்.ஓ கருவிகள் சுவைக்காகத் தாதுக்களைத் திரும்பச் சேர்க்கும், எனவே கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ் மீட்டரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள், 50 பி.பி.எம்-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. மேல்மண் காய்ந்தபின் ஊற்று என்ற வழக்கமான விதியையும் மறந்துவிடுங்கள். தொட்டிக்கு அடியில் ஒரு தட்டு, வளரும் காலம் முழுக்க அதில் 2 செ.மீ. அளவுக்குத் தண்ணீர் நிற்கட்டும். தொட்டி பிளாஸ்டிக்காக இருப்பது நல்லது, மெருகுப் பூச்சு இல்லாத மண்தொட்டியும் சிமெண்ட் தொட்டியும் தாமே தாதுக்களைக் கசியவிடும்.

நிழலில் வைத்துவிட்டு இலையில் பிசின் துளி வரவில்லையே என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில், வெயில். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். வீட்டுக்குள் இருந்த செடியை மட்டும் ஒன்றிரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். ஈரப்பதம் வேண்டுமென்று கண்ணாடி ஜாடியால் மூடி வெயிலில் வைத்தால் செடி உள்ளேயே வெந்துவிடும். மழை பெய்து துளிகள் கழுவிப் போனால் பதற வேண்டாம், ஓரிரு நாளில் திரும்ப வந்துவிடும்.

தீனி? வெளியில் இருக்கும் செடிக்கு நீங்கள் எதுவும் ஊட்ட வேண்டியதில்லை. சார்லஸ் டார்வின் இதே ரொட்டுண்டிஃபோலியாவின் இலையில் இறைச்சித் துணுக்குகளை வைத்துப் பார்த்தார்தான், ஆனால் அவர் செய்தது ஆராய்ச்சி. நீங்கள் வைத்தால் பெரும்பாலும் இலைதான் அழுகும்.

அப்புறம் குளிர்காலம். இலையுதிர் காலம் முடியும்போது இலைகள் கறுத்துச் சுருங்கிவிடும், செடி செத்துவிட்டது என்று தொட்டியைக் குப்பையில் கொட்டிவிடுகிறார்கள். கொட்டும் முன் நடுவில் பாருங்கள், இறுக்கமாகச் சுருண்ட ஒரு பச்சை மொட்டு இருக்கும். மூன்று நான்கு மாதம் அது அப்படியேதான் தூங்கும். பாவம் குளிருகிறதே என்று வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுவருவது அதைவிட மோசம், ஓய்வு கிடைக்காத செடி வருடத்துக்கு வருடம் நலிந்துபோகும். அந்த மாதங்களில் மண் ஈரமாக இருந்தால் போதும், தண்ணீரில் மூழ்க வேண்டாம். சின்னத் தொட்டி சீக்கிரம் முழுவதுமாக உறைந்துவிடும் என்பதால் பெரிய தொட்டியாக வையுங்கள், இல்லாவிட்டால் தொட்டியோடு தரையில் புதைத்துவிடுங்கள். உறைந்து உருகும்போது மொட்டு மண்ணைவிட்டு வெளியே வந்து கிடந்தால், மெதுவாக அழுத்தி வைத்தால் வசந்தத்தில் வேர் விடும்.

வாங்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். இன்டர்மீடியா என்ற டிரோசிராவில் வெப்பமண்டல வகையும் உண்டு, அதற்கு இந்தத் தூக்கம் கிடையாது, உறைபனியில் போய்விடும். கேப்பென்சிஸின் இலைகளும் உறைபனியில் கருகும், வேரிலிருந்து மறுபடி துளிர்த்தால் அதிர்ஷ்டம். குளிரே இல்லாத ஊர்க்காரர்கள் ரொட்டுண்டிஃபோலியாவோடு மல்லுக்கட்டாமல் கேப்பென்சிஸ், பர்மானி மாதிரியான வகைகளுக்குப் போவதே புத்திசாலித்தனம்.

விதை போடுகிறவர்களுக்கும் இதே கதைதான். குளிர் தாங்கும் வகைகளின் விதைக்கு நான்கைந்து வாரமாவது ஈரக்குளிர் பட வேண்டும், வசந்தத்தில் தூவிவிட்டு முளைக்கவில்லை என்று விதை விற்றவரைத் திட்டாதீர்கள். இலையுதிர் காலத்திலேயே ஈரப் பீட்டின் மேல் தூவிவிடுங்கள், வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும் என்பதால் மண் போட்டு மூடாதீர்கள்.