அழாத மாணவனிடம் பேசுவது எப்படி?

பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறேன். அப்பாவின் காரியம் முடிந்த மறுநாளே மொட்டைத் தலையோடு பள்ளிக்கு வந்த ஒரு மாணவன், "நன்றாகத்தான் இருக்கிறேன் சார்" என்றான். "இனி நீதான் வீட்டுக்கு ஆண்பிள்ளை, அழக்கூடாது" என்று உறவினர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நானும் தோளில் தட்டி, "தைரியமாக இரு" என்றேன். அதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

இப்படிப்பட்ட பிள்ளையை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்காதீர்கள், விசாரணை போலாகிவிடும். நோட்டுக்கட்டைத் தூக்கி வரச் சொல்லி, கூடவே நடங்கள். முகம் பார்க்காமல் நடக்கும்போது பேச்சு எளிதாக வரும். "அப்பாவுக்கு என்ன குழம்பு பிடிக்கும்?" என்று கேட்டேன். மாடிப்படித் திருப்பத்தில் நின்று "கருவாட்டுக் குழம்பு" என்றவன், நோட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதான். நான் ஒன்றும் சொல்லவில்லை. மணி அடித்தது; அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

முகம் கழுவ நேரம் கொடுங்கள். சிவந்த கண்ணோடு வகுப்புக்குள் அனுப்பினால் அடுத்த முறை வாய் திறக்கமாட்டான்.

"யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். சாப்பாடு, தூக்கம் குறைந்து, ஆசையாக வைத்திருந்த பொருள்களைப் பிறருக்குக் கொடுக்கிறான் என்றால், "செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். வீட்டாரை வரவழையுங்கள், அவன் பக்கத்தில் இருந்தபடியே அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மனாஸுக்கு அழையுங்கள். இலவசம்தான், நள்ளிரவிலும் தமிழில் பேசலாம்.

திருப்புதல் தேர்வு மதிப்பெண்ணா? அதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.