பாதியில் நின்ற பில் பிரிண்ட்: மறுபடியும் பிரிண்ட் கொடுப்பதற்கு முன்

மாதக் கடைசி. 300 பில்லை மொத்தமாகப் பிரிண்ட் கொடுத்தாயிற்று. நூற்றுச் சொச்சம் வரும்போது கரண்ட் போகிறது. கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் ஓடுவதால் அணையவில்லை. லேசர் பிரிண்டரைப் பெரும்பாலும் யுபிஎஸ்ஸில் மாட்டமாட்டார்கள். சூடேறும்போது அது இழுக்கும் மின்சாரத்தைச் சின்ன யுபிஎஸ் தாங்காது. ஆக, பிரிண்டர் செத்துக் கிடக்கிறது, கணக்கு மென்பொருளோ 300 பில்லும் அச்சாகிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறது.

அதை நம்புவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. விண்டோஸிடம் வேலையை ஒப்படைத்ததோடு மென்பொருளின் பொறுப்பு முடிந்தது. அச்சு வேலைகளை வரிசையில் வைத்திருக்கும் விண்டோஸ் ஸ்பூலர் அதைப் பிரிண்டருக்கு அனுப்பும். பிரிண்டர் சில பக்கங்களைத் தன் நினைவகத்தில் வைத்திருக்கும். கரண்ட் போனால் அவை போனவைதான். திரை சொல்லும் கணக்கை விட்டுவிட்டுத் தட்டில் விழுந்த தாளை எண்ணுங்கள். கடைசித் தாளின் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. சரக்கு விற்பனைக்கான ஜிஎஸ்டி பில் மூன்று பிரதி: வாங்குபவருக்கு, வண்டிக்கு, நமக்கு. 118ஆம் பில்லில் இரண்டு பிரதி வந்து மூன்றாவது வராமல் நின்றிருக்கலாம்.

அடுத்த தவறு, பதற்றத்தில் திரும்பவும் 300க்கும் பிரிண்ட் கொடுப்பது. பழைய வேலை வரிசையிலேயே காத்திருக்கும். கரண்ட் வந்ததும் அது தானாகக் கிளம்பும், பின்னாலேயே புதியதும் வரும். ஒரே பில்லுக்கு இரண்டு அசல் பிரதி வெளியே போய், வாங்கியவர் இரண்டையும் கணக்கில் ஏற்றினால் மாதக்கணக்கில் போன் பேச வேண்டியிருக்கும். முதலில் வரிசையைக் காலி செய்துவிட்டு, விடுபட்ட எண்களை மட்டும் கொடுங்கள். வரிசை அழிய மறுத்தால் விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தி, சிஸ்டம்32க்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டரில் இருப்பதை நீக்கிவிட்டு மறுபடி ஓட விடலாம். ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் வழியாக மற்றவர்களும் பிரிண்ட் எடுக்கிறார்கள் என்றால் அவர்கள் வேலையும் சேர்ந்து போகும். ஒரு குரல் கொடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

பிரிண்ட் வரவில்லை என்று பில்லையே அழித்துவிட்டுப் புதிதாகப் போடுபவர்களும் உண்டு. தாள்தான் வரவில்லை, பில் பத்திரமாகத்தான் இருக்கிறது. இ-இன்வாய்ஸ் எடுத்த, அதாவது அரசின் போர்ட்டலில் பதிந்த பில் என்றால் இன்னும் சிக்கல்: அங்கே அதை 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்ய முடியும், ரத்தான பில் எண்ணில் மறுபடி எடுக்கவும் முடியாது.

பில்லாவது வெள்ளைத் தாள். செக் அப்படியில்லை, ஒவ்வொரு தாளிலும் ஆறு இலக்க எண்ணை வங்கி முன்னாலேயே அச்சிட்டுத் தருகிறது. நடுவில் ஒரு செக் சிக்கிக் கிழிந்தால், அதற்கப்புறம் மென்பொருளில் உள்ள எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒன்று தள்ளிப்போகும். அது தெரியாமல் ஒரு செக்கை நிறுத்தச் சொல்லி வங்கிக்கு எழுதினால், வேறொருவரின் செக் நின்றுவிடும். குவிக்புக்ஸ் டெஸ்க்டாப் என்ற கணக்கு மென்பொருளில் செக் அச்சானதும் சரியாக வந்ததா, தவறியவை எவை என்று ஒரு பெட்டி கேட்கும். தாளைப் பார்க்காமல் அதில் ஓகே தட்டுவது அவ்வளவு சுலபம்!

கிழிந்த செக்கைக் குப்பையில் போடாதீர்கள். குறுக்கே கோடு போட்டு, கேன்சல் என்று எழுதி, கோப்பில் வைத்து, மென்பொருளிலும் அந்த எண்ணை ரத்தானதாகப் பதியுங்கள். பெயரோ தொகையோ பிசகி அச்சான செக்கை அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதும் வேண்டாம். வங்கிகள் செக்கின் படத்தை வைத்துத் தீர்வு செய்யும் சிடிஎஸ் முறையில், தேதியைப் புதுப்பிப்பதைத் தவிர வேறு திருத்தம் செல்லாது என்று ரிசர்வ் வங்கி 2010லேயே சொல்லிவிட்டது.

நான் இப்போது 25 பில்லுக்கு மேல் ஒரே மூச்சில் கொடுப்பதில்லை. நின்றாலும் எண்ண வேண்டியது ஒரு கைப்பிடித் தாள்தான்.