ஆன்லைன்ல செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கறவங்க பண்ற தப்புகள்

இன்ஜினியரிங் கவுன்சிலிங் முடிஞ்சு காலேஜ் தொறக்கற நேரம் வந்தாலே என் சர்வீஸ் டேபிள் முன்னாடி கொரியர் அட்டைப்பெட்டியோட ஆளுங்க நிக்க ஆரம்பிச்சுடுவாங்க. இன்ஸ்டால ரீல்ஸ் பாத்து, வாட்ஸப்ல பேசி, ஜிபேல பணம் போட்டு, டெல்லியில இருந்தோ பெங்களூர்ல இருந்தோ வரவழைச்ச ரீஃபர்பிஷ்டு லேப்டாப். நாங்கள்லாம் தொழிலுக்கு வந்த புதுசுல எங்க ஏமாந்தோமோ கரெக்டா அதே இடத்துல இவங்களும் போய் விழறாங்க, அதான் எழுதிடலாம்னு தோணுச்சு.

ரேட்டிங் பாருங்க, ஓடிபி சொல்லாதீங்க, பாதி விலைக்கு புது மேக்புக்னு சொன்னா நம்பாதீங்க, இதெல்லாம் உங்களுக்கே தெரியும், விடுங்க.

வெறும் "ஐ5", "ஐ7"னு பாத்து மயங்கறது

விளம்பரத்துல "கோர் ஐ7, 16 ஜிபி, 512 எஸ்எஸ்டி"ன்னு பெருசா போட்டிருப்பாங்க, எத்தனாவது ஜெனரேஷன்னு மட்டும் வாயே தொறக்க மாட்டாங்க. ஐ7 6600யூ (6வது ஜெனரேஷன்) வெறும் ரெண்டு கோர், 2015ல வந்தது. ஐ5 8250யூ (8வது ஜெனரேஷன்) நாலு கோர், 2017. பேருல சின்னதா இருக்கற ரெண்டாவதுதான் நல்ல சரக்கு. அதை விட முக்கியமான விஷயம், விண்டோஸ் 11 இன்டெல்ல 8வது ஜெனரேஷன்ல இருந்துதான் முறையா ஓடும் (ஒண்ணு ரெண்டு விதிவிலக்கு இருக்கு, அது உங்க கைக்கு வரப்போறதில்ல). விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சு போச்சு. அதனாலதான் 6வது, 7வது ஜெனரேஷன் மெஷினெல்லாம் இப்ப மலிவா கொட்டிக் கிடக்கு. குறுக்கு வழியில 11ஐ ஏத்தி அனுப்பிடுவாங்க, ஓடவும் செய்யும், நாளைக்கு ஒரு அப்டேட்ல என்ன ஆகும்னு யாரும் பொறுப்பு எடுத்துக்க மாட்டாங்க. பணம் போடறதுக்கு முன்னாடி ப்ராசஸர் முழு நம்பரையும் டைப் பண்ணி அனுப்பச் சொல்லுங்க. "நல்ல ஸ்பீடு ப்ரோ"ன்னு பதில் வந்தா அங்கயே கட் பண்ணிடுங்க.

"லைஃப்டைம் எம்எஸ் ஆபீஸ் ஃப்ரீ"

திருட்டு ஆபீஸ். வேற ஒண்ணும் இல்ல.

வந்த அன்னைக்கே ரீசெட் பண்ணிப் பாக்காம விடறது

இதைத்தான் நான் கொஞ்சம் நீளமா சொல்லணும், ஏன்னா இன்னும் இது என் பிபியை ஏத்துது.

இந்த டெல் லேட்டிட்யூட், ஹெச்பி எலைட்புக், லெனோவா திங்க்பேட் மாதிரி ஆபீஸ் மாடல் எல்லாம் எங்க இருந்து வருதுன்னு யோசிச்சிருக்கீங்களா? பெரிய கம்பெனிங்க மூணு நாலு வருஷம் ஓட்டிட்டு மொத்தமா கழிச்சு விடற சரக்கு. கம்பெனியில இருந்தப்ப ஐடி டிப்பார்ட்மென்ட் அந்த மெஷினை ஆட்டோபைலட்னு ஒண்ணுல பதிஞ்சு வச்சிருக்கும். பதிவு லேப்டாப்புக்குள்ள இல்ல, மைக்ரோசாஃப்ட் சர்வர்ல இருக்கு, மதர்போர்டோட அடையாளத்தை வச்சு. கழிச்சு விடும்போது அந்தப் பதிவை நீக்கணும், நிறைய கம்பெனியில அதை மறந்துடறாங்க. அப்புறம் நீங்க எஸ்எஸ்டி மாத்தினாலும் சரி, விண்டோஸ் புதுசா போட்டாலும் சரி, பத்திரம் இன்னொருத்தர் பேர்ல இருக்கற வீட்டுக்கு வெள்ளையடிச்சு குடி போற கதைதான். செட்டப்ல நெட்டு கனெக்ட் ஆன அடுத்த நிமிஷம், ஏதோ ஒரு கம்பெனி பேரைப் போட்டு "வெல்கம்"னு சொல்லி, ஆபீஸ் மெயில் ஐடியும் பாஸ்வேர்டும் கேக்கும். உங்க கிட்ட ஏது அது?

டீலருக்கு இது நல்லாவே தெரியும். அவர் என்ன பண்ணுவார்னா நெட்டே குடுக்காம விண்டோஸ் ஏத்தி, ஒரு லோக்கல் அக்கவுன்ட் போட்டு, ஸ்டிக்கரெல்லாம் புதுசா ஒட்டி அனுப்பிடுவார். நீங்க தொறந்தா ஜம்முனு ஓடும், நாலு மாசம் அஞ்சு மாசம் ஒரு குறையும் தெரியாது.

திண்டுக்கல் பக்கத்துல இருந்து ஒரு பையன், ஃபர்ஸ்ட் இயர், ஒரு திங்க்பேட் தூக்கிட்டு வந்தான், கூட அவங்க அப்பா. 24,500 ரூபாய்க்கு வாங்கினது. ஏதோ வைரஸ்னு ஹாஸ்டல்ல ஃப்ரெண்டு ஒருத்தன் ரீசெட் குடுத்திருக்கான், வைஃபை போட்டதும் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி லோகோ வந்து நின்னுடுச்சு. டீலருக்கு போன் போட்டா "முப்பது நாள் வாரன்டி முடிஞ்சுது ப்ரோ"ங்கறார். நான் வாங்கிப் பேசினேன். கொஞ்சம் கூட யோசிக்காம, "வைஃபை குடுக்காம விண்டோஸ் போட்டுக்கோங்க, வராது"ன்னார் பாருங்க, அங்கதான் எனக்கு ஏறிடுச்சு. தெரிஞ்சே வித்திருக்கார்! அவர் சொன்ன மாதிரி போட்டாலும் அடுத்த ரீசெட்ல திரும்ப அதே லோகோதான் வந்து நிக்கும்.

அவங்க அப்பாதான் கேட்டார், "அந்தக் கம்பெனிக்கே ஒரு லெட்டர் எழுதிக் கேட்டா என்ன தம்பி?"ன்னு. நியாயமான கேள்வி, அது ஒண்ணுதான் நேர்வழியும் கூட. பதிவை எடுக்கணும்னா அந்தக் கம்பெனி மனசு வச்சாதான் உண்டு. மெயில் போட்டோம், மரியாதையா பதிலும் வந்துச்சு, சீரியல் நம்பர் போட்ட பில் அனுப்புங்கன்னு. பையன் கிட்ட இருந்தது வெள்ளைத் தாள்ல "எஸ்டிமேட்"னு போட்ட ஒரு சீட்டு, அதுல "லேப்டாப் 1 நம்பர்"னு மட்டும் எழுதியிருந்துச்சு. அதோட கதை முடிஞ்சுது.

அதனால பாக்ஸ் வந்த அன்னைக்கே, உங்க ஃபைல் எதையும் ஏத்தறதுக்கு முன்னாடி, செட்டிங்ஸ்ல ரெக்கவரிக்குப் போய் எல்லாத்தையும் அழிச்சு ரீசெட் குடுங்க. திரும்ப செட்டப் வரும்போது கண்டிப்பா வைஃபை கனெக்ட் பண்ணுங்க, உங்க சொந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் கேட்டா நிம்மதி, கம்பெனி பேர் வந்தா அந்த ஸ்கிரீனை வீடியோ எடுத்து அன்னைக்கே ரிட்டர்ன் போடுங்க. ஒண்ணு கவனிங்க, விண்டோஸ் ஹோம்ல இந்த லாக் காட்டாது, ப்ரோல தான் காட்டும். இந்த ஆபீஸ் மாடல்ல பெரும்பாலும் ப்ரோ தான் இருக்கும், ஹோம் போட்டு வந்திருந்தா ஏன்னு கேளுங்க. மேக்புக்லயும் இதே பிரச்சனை உண்டு, முழுசா அழிச்சுட்டு நெட்டு குடுத்தா "ரிமோட் மேனேஜ்மென்ட்"னு வந்து நிக்கும்.

பயாஸ் தொறக்காம விடறது

பயாஸ்னா விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடியே மெஷினுக்குள்ள இருக்கற செட்டிங்ஸ் ஸ்கிரீன். அதைத் தொறக்க ஆன் பண்ணும்போது அமுக்க வேண்டிய கீ, டெல்லுக்கு எஃப்2, ஹெச்பிக்கு எஃப்10, திங்க்பேடுக்கு எஃப்1. உள்ள விட பாஸ்வேர்ட் கேட்டா அப்படியே திருப்பி அனுப்புங்க, திங்க்பேட்ல சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் போச்சுன்னா மதர்போர்டை மாத்தணும்னுதான் லெனோவா கம்பெனியே சொல்லுது. உள்ள போக முடிஞ்சா அங்க இருக்கற சீரியல் நம்பரையும் (டெல்லுல இதுக்குப் பேர் சர்வீஸ் டேக்) அடியில ஒட்டியிருக்கறதையும் ஒப்பிட்டுப் பாருங்க. ரெண்டும் வேறவேறன்னா போர்டு மாத்தியிருக்காங்க, இல்ல மூடி மாத்தியிருக்காங்க. டெல் சைட்ல டேக்கைப் போட்டா எந்த வருஷம் ஷிப் ஆச்சு, என்ன கான்ஃபிகரேஷன்ல வந்துச்சுன்னு காட்டிடும், "ஒரு வருஷம்தான் ப்ரோ யூஸ் பண்ணது" அங்க தெரிஞ்சுடும்.

பேட்டரி

"ரெண்டு மணி நேரம் வரும்"ங்கறது கணக்கே இல்ல. விண்டோஸ்லயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம், டிசைன் கெபாசிட்டி 60,000 இருந்து ஃபுல் சார்ஜ் 30,000 காட்டினா பாதி போயாச்சு, அதைச் சொல்லி விலையைக் குறைங்க.

பில் வாங்காம விடறது

மேல அந்தப் பையன் கதையிலயே பாத்தீங்க. ஜிஎஸ்டி பில், அதுல சீரியல் நம்பர், ரெண்டும் வேணும். ஜிஎஸ்டி நம்பர் 15 எழுத்து, முதல் ரெண்டும் மாநிலம்: தமிழ்நாடு 33, கர்நாடகா 29, டெல்லி 07. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் அட்ரஸ் போட்டு 07ல ஆரம்பிச்சா, கேளுங்க. ஜிஎஸ்டி சைட்ல நம்பரைப் போட்டா கடை பேரும், ரிஜிஸ்ட்ரேஷன் உயிரோட இருக்கா கேன்சல் ஆயிடுச்சாங்கறதும் காசில்லாம தெரியும்.

"நோ ரிட்டர்ன்"னு போட்டிருக்கேன்னு பேசாம இருக்கறது

சொன்ன மாதிரி இல்லாத பொருளை, பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்க மாட்டேன்னு ஆன்லைன் வியாபாரி சொல்ல முடியாது, 2020 இ-காமர்ஸ் விதியிலயே இருக்கு. முதல்ல 1915க்கு போன் போடுங்க, நுகர்வோர் ஹெல்ப்லைன். அதுக்கும் மசியலைன்னா உங்க மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே கேஸ் போடலாம், டீலர் டெல்லியில இருந்தாலும் நீங்க அங்க அலைய வேண்டியதில்ல, 5 லட்சம் வரைக்கும் ஃபீஸும் கிடையாது. பணம் வாங்கிட்டு பொருளே அனுப்பாம ப்ளாக் பண்ணிட்டாங்கன்னா அது வேற கேஸ், லேட் பண்ணாம 1930க்கு போடுங்க, சைபர் க்ரைம் ஹெல்ப்லைன். ஆனா எங்க போனாலும் முதல்ல கேக்கறது பில்லும் வாட்ஸப் சாட்டும்தான், அதனால டீலர் கிட்ட போன்ல பேசினதையெல்லாம் ஒரு தடவை டைப் பண்ணி அனுப்பி "ஓகே"ன்னு வாங்கி வச்சுக்கோங்க.

பாக்ஸைத் தூக்கிப் போடறது

ரிட்டர்ன் நாள் முடியற வரைக்கும் அட்டைப்பெட்டி, உள்ள இருக்கற தெர்மாகோல், மேல ஒட்டின கொரியர் லேபிள் எதையும் தொடாதீங்க. வீட்டுல அம்மா கிட்டயும் சொல்லி வைங்க, நீங்க காலேஜ் போயிருக்கற நேரம் பாத்து பழைய பேப்பர்காரருக்குப் போட்டுடுவாங்க.