ஒலி சிகிச்சையும் கிறிஸ்தவ விசுவாசமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலோகக் கிண்ணங்கள், காங் எனப்படும் பெரிய வெண்கலத் தட்டுகள், இசைக்கவைகள், குறிப்பிட்ட அதிர்வெண்ணில் பதிவு செய்யப்பட்ட ஆராதனை இசை என, ஒலியின் அதிர்வால் உடலும் மனமும் நலம் பெறும் என்று சொல்லும் ஒலி சிகிச்சை இன்று பல வடிவங்களில் கிறிஸ்தவர்களிடமும் வந்து சேர்ந்திருக்கிறது. பிசாசின் கருவி என்று அதை அறவே தள்ளுவோரும் உண்டு. வேதாகமத்தில் மறைந்திருந்த இரகசியம் என்று கொண்டாடுவோரும் உண்டு. இரு தரப்பிலும் தவறுகள் இருக்கின்றன. அவற்றுள் சில நோயாளியின் உடல்நலத்தையே பாதிக்கக் கூடியவை.

மிகப் பரவலான தவறு, 528 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 528 அதிர்வுகள்) போன்ற எண்களுக்குக் குணமாக்கும் வல்லமை உண்டென்று வேதாகமத்தின் பெயரால் நம்புவது. 396, 417, 528, 639, 741, 852 ஆகிய ஆறு அதிர்வெண்களும் எண்ணாகமம் 7-ஆம் அதிகாரத்தில் பொதிந்துள்ளன என்று ஜோசப் பியூலியோ என்பவர் கடந்த நூற்றாண்டின் இறுதியில் சொன்னார். அந்த அதிகாரத்தில் பலிபீடப் பிரதிஷ்டைக்காக இஸ்ரவேலின் பன்னிரண்டு பிரபுக்கள் ஒரே விதமான காணிக்கையைக் கொண்டுவருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஆறு வசனங்கள் வீதம் 12 முதல் 83 வரை அந்தப் பட்டியல் நீள்கிறது. தூபவர்க்கம் நிறைந்த பொற்கரண்டியைச் சொல்லும் 14, 20, 26 ஆகிய வசனங்களை எடுத்துக்கொண்டு அவற்றின் இலக்கங்களைக் கூட்டினால் 5, 2, 8 கிடைக்கும். 528 பிறந்த கதை இவ்வளவுதான். ஆறு ஆறாகக் கூடிச் செல்லும் எந்த எண்வரிசையிலும் இப்படி ஒரு சுழற்சி வந்தே தீரும். மேலும், அதிகாரப் பிரிவுகள் 13-ஆம் நூற்றாண்டில் ஏற்பட்டவை. இன்று நாம் காணும் வசன எண்கள் 16-ஆம் நூற்றாண்டின் அச்சுப் பதிப்புகளில்தான் நிலைபெற்றன. மூல நூலில் இல்லாத எண்களுக்குள் மோசே எந்த இரகசியத்தையும் ஒளித்துவைத்திருக்க முடியாது.

இந்த அதிர்வெண்களில்தான் பழைய துறவிகள் பாடினார்கள் என்ற கூற்றும் நிற்காது. யோவான் ஸ்நானகனைப் போற்றும் இலத்தீன் பாடலின் வரித் தொடக்கங்களைக் கொண்டு 11-ஆம் நூற்றாண்டில் ஸ்வரப் பெயர்களை வகுத்த அரெஸ்ஸோ நகரத்துக் கைடோ, ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் உள்ள இடைவெளியைக் கற்பித்தாரே தவிர, நொடிக்கு இத்தனை அதிர்வுகள் என்று எதையும் நிர்ணயிக்கவில்லை. பாடுவோரின் குரலுக்கு ஏற்ப அவர்களுடைய சுருதி ஏறும், இறங்கும். 440 ஹெர்ட்ஸ் தீயது, 432 தெய்வீகமானது என்ற பேச்சும் இதே இனம்தான்: 440 என்பது இசைக்குழுக்கள் எல்லாம் ஒரே சுருதியில் வாசிக்கும் வசதிக்காக 1939-இல் லண்டனில் கூடிய மாநாடு ஒப்புக்கொண்ட அளவு.

அடுத்த தவறு நுட்பமானது. நல்ல விசுவாசிகளும் இதில் விழுகிறார்கள். கிண்ணத்தைத் தட்டும்போது அதிலிருந்து மிக நெருங்கிய இரண்டு அதிர்வெண்கள் ஒருங்கே எழுந்து, ஒலி மெல்ல ஏறியும் இறங்கியும் அலையாக வரும். இயற்பியலில் இதை விம்மல் என்பார்கள். அதைக் கேட்டபடி அசையாமல் படுத்திருப்பவருக்கு மூச்சு சீராகி, தசைகள் தளர்ந்து, சிலருக்குக் கண்ணீரும் வரும். உடனே, "ஆவியானவர் என்னைத் தொட்டார்" என்று சொல்லத் தோன்றும். 2001-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வில், இலத்தீன் மொழியில் ஜெபமாலை சொன்னபோதும், யோக மந்திரம் ஒன்றைச் சொன்னபோதும், அதே நபர்களின் மூச்சு நிமிடத்துக்குச் சுமார் ஆறு என்ற அளவுக்கு மெதுவானது. அதாவது, உடலின் அமைதி எந்தக் கோட்பாட்டுக்கும் சான்று ஆகாது. உடற்பயிற்சிகளால் தானாக உண்டாகும் இன்ப உணர்வைப் பரிசுத்த ஆவியின் ஆறுதலாக எண்ணுவது முற்றிலும் தவறு என்று வத்திக்கான் 1989-இல் கிறிஸ்தவ தியானம் பற்றிய மடலில் எச்சரித்தது. கத்தோலிக்கர் அல்லாதவர்களும் இதை ஏற்கலாம். உடல் இளைப்பாறுவதும் தேவன் படைத்த நன்மையே; அதற்கு வேறு பட்டம் தேவையில்லை.

தாவீது சுரமண்டலம் வாசிக்க, சவுல் ஆறுதலடைந்தான் என்ற 1 சாமுவேல் 16:23-ஐ ஒலி சிகிச்சைக்கு ஆதாரமாகக் காட்டுவோர், இரண்டு அதிகாரங்கள் தள்ளிப் போய்ப் படிப்பதில்லை. அங்கே அதே கை வாசித்துக்கொண்டிருக்கும்போதே சவுல் ஈட்டியை எறிகிறான். 19-ஆம் அதிகாரத்திலும் அதுவே நடக்கிறது. இசை துயருற்றவனுக்கு ஆறுதல் தரும் என்பதையும், அது கருவியைத் தட்டியதும் பலன் தரும் சூத்திரம் அல்ல என்பதையும் வேதாகமம் ஒருசேரச் சொல்கிறது. ஆகவே, பாடியும் ஜெபித்தும் குணமடையாத ஒருவரிடம் "உமக்கு விசுவாசம் போதாது" என்று சொல்வது, என் பார்வையில், இங்குள்ள எல்லாத் தவறுகளிலும் கொடியது.

சிகிச்சையை நிறுத்துவதும் அதற்கு இணையான ஆபத்தே. மனச்சோர்வு, வலிப்பு, இரத்த அழுத்தம், புற்றுநோய் ஆகிய எதற்கும் ஒலியை நம்பி மருந்தை விடக் கூடாது. லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்றே பவுல் குறிப்பிடுகிறார். பயிற்சி பெற்ற இசை சிகிச்சையாளர் மருத்துவக் குழுவோடு சேர்ந்து, நோயாளியின் நிலையை மதிப்பிட்டு, குறிக்கோளோடு பணியாற்றுகிறார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் காயமுற்ற படைவீரர்களின் மருத்துவமனைகளில் வளர்ந்த அந்தத் துறையையும், சில நாள் பயிற்சியில் சான்றிதழ் வாங்கியவர் நடத்தும் அமர்வையும் ஒன்றாக எண்ண வேண்டாம்.

உலோகத்துக்கு மதம் கிடையாது; ஆனால் அமர்வில் பேசப்படும் சொற்களுக்கு உண்டு. சக்கரங்கள் எனப்படும் உடலின் ஆற்றல் மையங்களைத் திறப்பது, பிரபஞ்ச ஆற்றலிடம் தன்னை ஒப்புக்கொடுப்பது, பொருள் தெரியாத மந்திரத்தைத் திரும்பச் சொல்வது ஆகியவை இடம்பெறுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மழுப்பலான பதில் வந்தால் போக வேண்டாம்.

காதுகளை மறப்பதும் தவறுதான், இது நம் ஆராதனைக் கூடங்களுக்கும் பொருந்தும். ஒலியின் உரப்பை டெசிபல் என்ற அலகால் அளப்பார்கள்; 85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் வரை தாங்கலாம் என்றால், 100 டெசிபலுக்குப் பதினைந்து நிமிடமே எல்லை என்பது அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு நிறுவனத்தின் அளவுகோல். அருகில் பலமாக அடிக்கப்படும் காங் அந்த அளவை எட்டக்கூடும். காதிரைச்சல் உள்ளவர்களும், இசையால் வலிப்பு தூண்டப்படுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. நோயுற்றவரின் படுக்கையருகே பாடப் போகிறவர்கள், அவருக்குப் பிடித்த பாட்டு எது என்று கேட்டு, தாழ்ந்த குரலில் பாடி, அவர் முகம் களைப்பைக் காட்டியதும் நிறுத்திவிட வேண்டும்.