படிக்கக் கற்ற கதையை எழுதுவது எப்படி?

நீங்கள் எழுதப் படிக்கப் பழகிய கதையை எழுத உட்கார்ந்தால், பள்ளிக்கூடத்தை முதலில் எடுக்காதீர்கள். வீட்டில் எழுத்து எங்கெல்லாம் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்: தினசரி காலண்டர், ரேஷன் அட்டை, கல்யாணப் பத்திரிகை, மளிகைப் பொட்டலத் தாள். எங்கள் அப்பா பொட்டலத் தாளை நீவிவிட்டு, எண்ணெய் ஊறிய வரிகளைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் படிப்பார். நான் எழுத்துக்கூட்டிப் பழகியது அந்தத் தாள்களில்தான்.

பிறகு பெரியவர்களிடம் பேசுங்கள். “படித்தீர்களா?” என்று கேட்டால் “இல்லை” என்று முடித்துவிடுவார்கள். “கடிதம் வந்தால் யார் படித்துச் சொன்னார்கள்? மொய் நோட்டு யார் எழுதினார்கள்?” என்று கேளுங்கள், பேச்சு நிற்காது. புதுக்கோட்டைப் பக்கத்துக் குடும்பம் என்றால் 1991-இல் தொடங்கிய அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தைப் பற்றிக் கட்டாயம் விசாரியுங்கள். பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்ட காலம் அது. என் அத்தை கைநாட்டை விட்டுக் கையெழுத்துக்கு மாறியது அப்போதுதான். இன்றும் வங்கிச் சீட்டில் பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் முணுமுணுத்துக்கொண்டே எழுதுவார்.

பள்ளிக்கு இரண்டு கேள்விகள் போதும்: வகுப்பில் வாய்விட்டுப் படிக்க யாருக்கு வாய்ப்புக் கிடைத்தது? நூலக பீரோவின் சாவி யாரிடம் இருந்தது?

வயதுக்கு வந்ததும் படிப்பு நிறுத்தப்பட்ட பெண் வீட்டில் இருந்தால், அதை மழுப்பாமல் எழுதுங்கள். தெருக்கூத்தும் தாலாட்டும் கேட்டே மனப்பாடம் செய்தவர்களையும் விட்டுவிடாதீர்கள். அவர்களைப் படிக்காதவர்கள் என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்து, அன்றிரவே எழுதிவிடுங்கள்.