‘யூஸ் யுவர் லோஃப்’: பொருளும் ஆளும் அறிந்து பேசப் பழகுவோம்

செவிலியர் பணிக்காகவும் மேற்படிப்புக்காகவும் குமரி மாவட்டத்திலிருந்து பிரிட்டனுக்குச் செல்லும் இளைஞர்கள், அங்கு உடன் பணிபுரிபவர்களிடம் கேட்கக்கூடிய தொடர்களில் ஒன்று ‘யூஸ் யுவர் லோஃப்’ என்பது. ‘லோஃப்’ என்றால் முழு ரொட்டி. ஆனால் இங்கே பேச்சு ரொட்டியைப் பற்றியதன்று. ‘தலையைப் பயன்படுத்து, நன்றாக யோசி’ என்பதே இதன் பொருள். முதன்முறையாகக் கற்பவர்கள் கீழ்க்கண்ட வரிசையில் பழகலாம்.

படி 1: பிறப்பை அறிந்துகொள்ளுங்கள்

கிழக்கு லண்டனின் உழைக்கும் மக்களிடையே 19-ஆம் நூற்றாண்டில் எதுகைக் கொச்சை என்றொரு பேச்சுமுறை பரவியது. 1859-இல் லண்டனில் வெளியான ஒரு கொச்சைச்சொல் அகராதியிலேயே இதற்குத் தனிப்பகுதி உண்டு. சொல்ல நினைக்கும் சொல்லுக்கு ஒலியில் ஒத்துவரும் ஒரு தொடரை எடுத்து, ஒத்து ஒலிக்கும் கடைசிச் சொல்லைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, முதற்சொல்லை மட்டும் சொல்வது அதன் முறை. தலையைக் குறிக்கும் ‘ஹெட்’ என்பதோடு ‘பிரெட்’ ஒத்து ஒலிக்கிறது. எனவே தலை ‘லோஃப் ஆஃப் பிரெட்’ ஆகி, பிறகு வெறும் ‘லோஃப்’ ஆயிற்று. முதல் உலகப்போரில் பதுங்குகுழியில் இருந்த பிரிட்டிஷ் வீரர்கள் ‘டக் யுவர் லோஃப்’, அதாவது தலையைத் தாழ்த்திக்கொள் என்று பேசியதை 1925-இல் வெளியான படைவீரர் சொற்தொகுப்பு பதிவு செய்திருக்கிறது. இந்தப் பின்னணி தெரிந்தால் தொடர் எளிதில் மறக்காது.

படி 2: வாய்விட்டுச் சொல்லுங்கள்

‘லோப்’ என்று முடித்தால் கேட்பவருக்கு விளங்காது. மேற்பல் கீழுதட்டைத் தொட, காற்று வெளியேற வேண்டும். ‘யுவர்’ என்பதை மெல்லச் சொல்லி, அழுத்தத்தை ‘லோஃப்’ மீது வையுங்கள்.

படி 3: யாரிடம் சொல்லலாம் என்று முடிவு செய்யுங்கள்

என் கருத்தில் மற்ற எல்லாப் படிகளையும்விட இதுவே முக்கியமானது. இத்தொடரில் ‘நீ இன்னும் யோசிக்கவில்லை’ என்ற சிறு கண்டிப்பு அடங்கியிருக்கிறது. நாகர்கோவிலில் கூட்டாளியிடம் ‘ஏலே மக்கா, மூளைய கொஞ்சம் உபயோகிலே’ என்று உரிமையோடு சொல்பவர், அதையே பாட்டாவிடமோ அத்தையிடமோ சொல்லமாட்டார் அல்லவா? அதே அளவுகோலை இங்கும் வையுங்கள். நண்பரிடமும் நன்கு பழகிய சக ஊழியரிடமும் சொல்லலாம். மேலதிகாரி, நோயாளி, ஆசிரியர் ஆகியோரிடம் கூடாது. அவர்களிடம் ‘ஷல் வீ திங்க் திஸ் ஓவர்?’ (இதைச் சற்று யோசித்துப் பார்ப்போமா?) என்று கேட்பது மரியாதையானது. கடிதத்திலும் விண்ணப்பத்திலும் இதற்கு இடமில்லை. அமெரிக்கர்களிடம் இது பெரும்பாலும் எடுபடாது. அவர்கள் ‘யூஸ் யுவர் நூடுல்’, ‘யூஸ் யுவர் நாகின்’ என்பார்கள்; இரண்டிலும் கடைசிச் சொல் தலையையே குறிக்கிறது.

படி 4: ஊர்ச் சூழலில் வைத்துப் பழகுங்கள்

கன்னியாகுமரியில் காற்று பலமாக வீசி, கடல் சீற்றமாக இருக்கும் நாளில், விவேகானந்தர் பாறைக்குப் போயே தீர வேண்டும் என்று நண்பர் ஒருவர் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அத்தகைய நாளில் படகு ஓடாது என்பது நமக்குத் தெரியும். அப்போது ‘த போட் வோன்ட் ரன் இன் திஸ் விண்ட். யூஸ் யுவர் லோஃப்!’ என்று சொல்லிப் பாருங்கள். காரணத்தை முதலில் சொல்லிவிட்டு இத்தொடரைப் பின்னால் வைத்தால், கண்டிப்பின் கூர்மை குறைந்து அக்கறை முன்னால் நிற்கும்.

பாராட்டவும் இது பயன்படும். சமயோசிதமாகச் செயல்பட்ட செவிலியரைப் பற்றி ‘ஷீ யூஸ்ட் ஹெர் லோஃப்’ என்று சொல்லலாம். ‘யுவர்’ இருந்த இடத்தில் ‘ஹிஸ்’, ‘ஹெர்’, ‘மை’ என ஆளுக்கேற்ப மாறுமே தவிர, ‘யூஸ் த லோஃப்’ என்று பொதுவாகச் சொல்வதில்லை.

படி 5: உங்களிடம் சொன்னால் பதில் கூறப் பழகுங்கள்

பழகியவர் ஒருவர் உங்களைப் பார்த்து இப்படிச் சொன்னால், பெரும்பாலும் அது நட்பு கலந்த நினைவூட்டலே. அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘ஃபேர் பாயிண்ட், லெட் மீ திங்க் அகெய்ன்’ (நீங்கள் சொல்வது நியாயம்தான், மறுபடி யோசிக்கிறேன்) என்று சொல்லிவிட்டு, செய்துகொண்டிருந்த வேலையை ஒருமுறை முதலிலிருந்து சரிபார்த்தால் போதும்.